சீமோனின் இடது முட்டி

எல்லையம்மன் கோயிலில் ரீகன் செய்த தப்பு சின்னதுதான். கிறிஸ்துவப் பையன், ராசி நட்சத்திரமெல்லாம் தெரியாது, கால் வலிக்கு வெள்ளித் தகட்டில் கால் செய்து அம்மனுக்குப் போட்டால் சரியாகும் என்று வியாசர்பாடியில் எல்லோரும் சொல்கிறார்களே, போட்டுவிட்டு வருவோம் என்று போனான். அதையும் சும்மா போட்டுவிட முடியாது, பேரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்துதான் போட வேண்டும் என்பது பூசாரி பரசுராமன் தட்டோடு எதிரே வந்து நின்று "யார் பேருக்கு?" என்று கேட்ட பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

"சீமோன் வெர்லாக்."

"அது என் வாயில வராது. நட்சத்திரம்?"

ரீகன் தகட்டைத் திருப்பிப் பார்த்தான், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"பின்னால ஜனம் நிக்குதுப்பா. ஊட்டுப் பெரியவங்க யாராச்சும் இருந்தா அவங்க பேரு நட்சத்திரத்தச் சொல்லு. யாருக்குன்னு அம்மாவுக்குத் தெரியாதா?"

ரீகனுக்கு உலகத்தில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் தெரியும். ஹவுசிங் போர்டு சி பிளாக்கில் நாலு மாடிக்கும் தண்ணீர் கேன் சுமக்கும் துலுக்காணம், ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கேனை இறக்கிவைத்து, "கேட்டை நட்சத்திரத்துல பொறந்தவன் வேற எப்பிடி இருப்பான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் மறுபடி தூக்குவார். அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் ரீகன். "துலுக்காணம், கேட்டை" என்றான். பூசாரி சொன்னார், மணி அடித்தது, தகட்டுக் காலை அம்மன் எதிரே கட்டியிருந்த கயிற்றில் மற்றக் கை கால் கண்களோடு தொங்கவிட்டார்கள். ஒருத்தன் காலையும் இன்னொருத்தன் பேரையும் கொடுத்தால் அம்மன்தான் என்ன செய்வாள், இரண்டையும் சேர்த்துவைத்தாள். இதற்கு மேல் காரணம் கேட்பவர்கள் கோயிலுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

சீமோன் யார் என்றால், ஐரோப்பாவில் செயின்ட் ஆல்ட்ரிக் என்ற கிளப்புக்கு ஆடும் பையன். பச்சையும் கறுப்பும் பட்டை போட்ட சட்டை. பெரிய கிளப் இல்லை, கோப்பை கீப்பை வாங்கியதில்லை, ஆனாலும் சி பிளாக்குக்கு அதுதான் கிளப், ஏனென்றால் ஏ பிளாக்காரர்கள் கோப்பை வைக்க அலமாரி போதாத ஒரு பெரிய கிளப்பைப் பிடித்துக்கொண்டார்கள், அவர்களுக்கு எதிராக ஏதாவது ஒன்று வேண்டுமே. சீமோனின் நாடு வரைபடத்தில் கட்டைவிரலை வைத்தால் மறைந்துபோகும், அந்த நாடு முதல் முறையாகப் பெரிய போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தது, அதற்கு ஆள் எடுக்கும் நேரத்தில்தான் பையனுக்கு இடது முட்டி போனது. முழுசாகத் தேறாத ஒருத்தனையும் கூட்டிப்போக மாட்டேன் என்று அந்த நாட்டுக் கோச் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் சொன்னால் சொன்னதுதானாம்.

அர்ச்சனை முடிந்த மறுநாள் சனிக்கிழமை. சாயங்கால ஆட்டத்தில் சீமோன் கன்றுக்குட்டி போல ஓடினான், கோணல் மாணலாக ஓடினான், இரண்டு கோல் போட்டான், டாக்டர்களே வாயைப் பிளந்தார்கள் என்று வர்ணனைக்காரர் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், சி பிளாக்கின் மூன்றாம் மாடித் திருப்பத்தில் தோளில் கேனோடு நின்றிருந்த துலுக்காணத்தின் இடது முட்டி, யாரோ உள்ளிருந்து ஆணியைப் பிடுங்கியது போலக் கழன்றது. கேன் படிப்படியாக உருண்டு கீழே போனது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வயசாச்சு, அதான் என்று நினைத்தார். அவரும் நினைத்தார், மற்றவர்களும் நினைத்தார்கள். அடுத்த ஆட்டத்தன்று, கால்பந்து மன்றத்து ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில், ரீகன் கூப்பிட்டானே என்று பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர், திடீரென்று "அய்யோ, அம்மா" என்று அலறி முட்டியைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் திரும்பினார்கள். டீவியில் சீமோன் சும்மா ஓடிக்கொண்டிருந்தான். பிறகு, ஒரு வாய் டீ விழுங்கும் நேரம் கழித்து, டீவியில் ஒரு தடியன் வந்து அவன் முட்டியில் இடித்தான். சீமோன் விழுந்தான், எழுந்தான், தூசியைத் தட்டிக்கொண்டு ஓடினான்.

"மெய்யாலுமே அங்க இடிச்சாதான் இங்க வலிக்குதா?" என்றான் டில்லிபாபு. ஏ பிளாக்காரன், வேவு பார்க்க வந்தவன்.

"டீவி லேட்டாதான்டா காட்டும். பெரிப்பாவுக்கு நேரா வருது" என்றான் ரீகன்.

அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் ஆச்சரியப்பட்டு நேரத்தை வீணாக்கவில்லை. மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்கும், கரண்ட் போனால் வரும், சீமோனை இடித்தால் துலுக்காணம் கத்துவார். ஆட்டம் இருக்கும் நாட்களில் அவரைக் கொட்டகையில் டீவிக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள், அவர் முகம் சுளித்தால் "ஃபவுலு, ஃபவுலு" என்று முன்கூட்டியே கத்தினார்கள், அவர் காலை மடக்கினால் பந்து அவனிடம் வரப்போகிறது என்று எழுந்து நின்றார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்த பெண் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "இது சின்னப் பையன் முட்டிங்க, ஆள் மாறிப்போச்சு போல" என்று மறுபடி எடுத்தாள். மறுபடியும் சின்னப் பையன் முட்டிதான் வந்தது. பெரம்பூரில் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, "வலி இங்க கீது, காயம் இங்க இல்ல. நான் எங்கன்னு கட்டுப் போடறது?" என்று அனுப்பிவிட்டார். மாதா கோயில் ஃபாதர், பிறர் வலியைச் சுமப்பது பற்றி ஞாயிற்றுக்கிழமை பேசினார், பேர் சொல்லவில்லை, எல்லோரும் துலுக்காணத்தைப் பார்த்தார்கள். அவர் அங்கே போனதே ரீகன் வண்டியில் இடம் கொடுத்ததால். வார்டு கவுன்சிலர் வந்து சால்வை போட்டார், அதையும் தோளிலிருந்து முட்டிக்கு மாற்றிக் கட்டிப் போட்டோ எடுத்தார்கள்.

டில்லிபாபு மட்டும் விடவில்லை. "இது போங்கு ஆட்டம். எங்க பசங்க வலியோட ஆடுறாங்க, உங்காளு வலிய வியாசர்பாடில வச்சிட்டு ஆடுறான்" என்று தெரு நடுவில் நின்று கத்தினான். பிறகு அவனும் தன் கிளப்பின் கோல்கீப்பர் தோளுக்காக ஒரு தகட்டுக் கையை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனான். மாமனார் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னான். ஒன்றும் நடக்கவில்லை. அம்மனுக்கு அவன் எண்ணம் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் தெருவின் கதை. துலுக்காணத்தின் கதை நாலாவது மாடியில் இருந்தது.

அவர் மனைவி கஸ்தூரிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து வருஷங்களாகின. லிஃப்ட் கிடையாது. தினம் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் துலுக்காணம் அவளை முதுகில் போட்டுக்கொள்வார், அவள் இடது கையால் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், நாலு மாடி இறக்கி, மைதானத்து ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைப்பார். அவள் பூக்காரியிடம் வம்பு பேசுவாள், பையன்கள் ஆடுவதைப் பார்ப்பாள், "பந்து அந்தாண்ட போவுது, இவன் இந்தாண்ட தேடறான்" என்று கிண்டல் செய்வாள், விளக்கு வைத்ததும் மறுபடி முதுகில் ஏறி மேலே போவாள். அவளுக்கு நாள் என்றால் அதுதான். மீதி நேரமெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு அதற்காகக் காத்திருப்பது. இப்போது முட்டி போனதிலிருந்து அவள் இறங்கவில்லை. துலுக்காணம் ஒருத்தராக மாடி ஏறுவதற்கே கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து ஏற வேண்டியிருந்தது. கேன்களை மன்றத்துப் பையன்கள் சுமந்தார்கள். கஸ்தூரியையும் சுமக்க வந்தார்கள். ரீகனும் இன்னும் மூன்று பேரும் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள்.

"குந்து பெரிம்மா. ஆடாம அசையாம இறக்கிடறோம்."

கஸ்தூரி தலையைத் திருப்பி நாலு பேரையும் ஒவ்வொருத்தனாகப் பார்த்தாள்.

"இன்னாடா, நாலு பேரு வந்துகீறீங்க? நான் செத்துட்டனா?"

"அய்யோ, அப்பிடி இல்ல பெரிம்மா."

"நாலு பேரு தூக்கி இந்தப் படியில எறங்கறது ஒரே தபாதான். அப்ப கூப்புடறேன், வாங்க. இப்ப போங்க."

ஒருத்தன் மட்டும் முதுகைக் காட்டினான். "உன் முதுகுல எலும்பு குத்தும்" என்றுவிட்டாள். அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது.

கோயிலில் பரிகாரம் இல்லாமலில்லை. பரசுராமனே கொட்டகைக்கு வந்து சொன்னார். "கயித்துலேர்ந்து அந்தக் காலை அவுத்து, அந்தப் பையன் பேர்லயே திரும்ப அர்ச்சனை பண்ணா, வலி சொந்தக்காரன் கிட்ட போயிடும். தட்டு, பூ, தேங்காய், அவ்ளோதான் வேலை. பேரை எழுதிக் குடுங்க, எழுத்துக் கூட்டிப் படிச்சிடறேன்."

கொட்டகையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஸ்ட்ரைக்கரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். வலி திரும்பிப் போனால் பையன் ஆட முடியாது. ஆட முடியாவிட்டால் கோச் எடுக்க மாட்டார்.

ரீகன்தான் தொண்டையைச் சரிசெய்தான். "பெரிப்பா, லிஸ்ட்டு வர வரிக்கும்..."

"வர வரிக்கும்?"

"பொறுத்துக்கினா..."

துலுக்காணம் எழுந்தார், சுவரைப் பிடித்துக்கொண்டு போனார், ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தார், எந்தத் திருப்பத்திலும் நட்சத்திரத்தைத் திட்டவில்லை, மூச்சு அதற்குப் போதவில்லை. மேலே கஸ்தூரி பவுடர் டப்பாவில் சாய்த்துவைத்த செல்போனில் பழைய ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரீகன் கொடுத்துவிட்டுப் போன போன். பச்சைச் சட்டைக்காரர்களில் அவளுக்கு சீமோனைத்தான் பிடிக்கும், காரணம் அவன் ஆட்டமில்லை, அவள் செத்துப்போன தம்பி ஓடுகிற மாதிரியே தோளை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு ஓடுகிறானாம்.

"பூசாரி வந்தாராமே" என்றாள்.

"வந்தாரு. நாளைக்கே அவுத்துடலாம்னாரு."

"அவுத்தா?"

"நான் உன்ன கீழ இட்டுகினு போலாம்."

அவள் போனைக் கவிழ்த்துவைத்தாள். சன்னல் வழியாக மைதானத்து இரைச்சல் வந்தது. இருவருக்கும் அது எந்தப் பக்கம் கோல் என்று தெரியும், சத்தத்திலேயே தெரியும்.

"அவுக்காத" என்றாள்.

"இன்னாமே, தெரிஞ்சுதான் சொல்றியா? வெயில் காலம் வருது. இந்த ஊட்ல நீ வெந்துடுவ."

"வேவறேன். அந்தப் புள்ளைக்கு இது ஒரு தபா வர்றது. அவங்க நாடே இப்பத்தான் போவுது. லிஸ்ட்டு வரட்டும்யா. பேரு வந்துட்டா அப்பால பாத்துக்கலாம்."

"பேரு வந்துட்டா அப்பால மேட்ச்சு கீது, அதுக்கும் பொறுன்னுவ."

அவள் போனை மறுபடி நிமிர்த்திவைத்தாள். அப்படித்தான் சொல்வாள் என்று அவருக்கும் தெரியும்.

அப்படியே வெயில் காலம் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கொதித்தது, தார் உருகியது, தெரு மதியத்தில் வெறிச்சென்று கிடந்தது, அங்கே குளிர் தேசத்தில் பச்சைப் புல்லில் சீமோன் ஓடினான், ஓடினான், வாரம் ஒரு தரம் ஓடினான், சில வாரம் இரண்டு தரம் ஓடினான், ஆட்டம் இல்லாத நாளிலும் பயிற்சி என்று ஓடினான், அவன் ஓடிய ஒவ்வொரு ஓட்டமும் நாலாம் மாடியில் பாயில் கிடந்த ஒருத்தர் முட்டிக்குள் வந்து தங்கியது. கஸ்தூரி நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்தாள். பூக்காரியைப் பற்றிக் கேட்பதை நிறுத்தினாள். ஒரு நாள் "மைதானத்துல அந்த வேப்பமரம் பூத்துச்சா?" என்றாள், அவர் "பூத்துட்டு உதிந்துச்சி" என்றார். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

லிஸ்ட் வந்த நாள் செவ்வாய்க்கிழமை. அங்கே காலை, இங்கே மதியம் சாய்ந்த நேரம். வேலைக்குப் போனவர்கள்கூட அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டார்கள், பெண்கள் கொட்டகை வாசலில் முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றார்கள், பட்டாசுச் சரத்தைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் வைத்திருந்தார்கள். துலுக்காணத்தைத் தூக்கிவந்து நடுவில் உட்காரவைத்து, முட்டியில் மஞ்சள் துணி கட்டி, அதில் குங்குமமும் வைத்தார்கள். டீவியில் நரைத்த கோச் வந்தார், கண்ணாடியைப் போட்டார், படிக்க ஆரம்பித்தார். கோல்கீப்பர்கள். தடுப்பாட்டக்காரர்கள். நடுக்களத்துக்காரர்கள். ஒவ்வொரு பேருக்கும் தெரு "சரி, சரி" என்று தலையாட்டியது. இனி முன்வரிசை.

தெரு முழுக்கக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டது. துலுக்காணமும் கண்ணை மூடினார். மூடியபோதுதான் கேட்டது, தன் நெஞ்சுக்குள் ஒரு குரல், ரொம்பத் தெளிவாக, வேணாம், வேணாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. யார் என்று பார்த்தார். அவரேதான். இவ்வளவு நாள் சுமந்த மனுஷன்தான், இப்போது அந்தப் பையன் பேர் வரக் கூடாது, அவன் போகக் கூடாது, அவன் ஓடுவதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான், போதும் என்று எல்லையம்மனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். வாயை மூடச் சொன்னார். அது மூடவில்லை.

கோச் படித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

சீமோன் பேர் வரவில்லை.

நிருபர் ஒருத்தர் எழுந்து, வெர்லாக்கின் முட்டிதான் காரணமா என்று கேட்டார். முட்டியா, இன்றைய தேதிக்கு ஐரோப்பாவிலேயே அதைவிட நல்ல முட்டி கிடையாது, ஆனால் நாங்கள் ஆடும் முறைக்கு அவன் ஒத்துவர மாட்டான் என்றார் கோச். எழுந்து போய்விட்டார்.

பட்டாசுச் சரத்தை ஒரு பெண் எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். டில்லிபாபு வாசலில் நின்றுகொண்டிருந்தான், கிண்டல் செய்யத்தான் வந்திருந்தான். "கோச்சாடா அவன், இன்னா மனுஷன்டா" என்று சொல்லிவிட்டு அவனும் போனான். ரீகன் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். துலுக்காணம் அவன் முதுகில் கை வைத்தார், பிறகு எடுத்துவிட்டார், அந்தக் கை அதற்கு லாயக்கில்லை என்று பட்டது. மேலே போனபோது கஸ்தூரியும் அழுதுகொண்டிருந்தாள், பாதி முகம்தான் அழுதது. "இத்தினி நாளு கெடந்தோமேய்யா" என்றாள். அவர் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். நெஞ்சுக்குள் கேட்டதைச் சொல்லவில்லை.

பேர் வந்தவர்கள் போட்டி முகாமுக்குப் போனார்கள். கிளப் ஆட்டங்கள் முடிந்துவிட்டன. சீமோனை யாரும் எங்கும் கூப்பிடவில்லை. கூப்பிடாதவன் ஓடவில்லை, ஓடாத முட்டிக்கு வேலை இல்லை, வேலை இல்லாத முட்டி மெல்ல மெல்ல வீக்கம் வற்றி, சூடு தணிந்து, ஒரு நாள் காலையில் துலுக்காணம் எழுந்து நின்றபோது அவரைத் தாங்கியது. அறைக்குள் நடந்து பார்த்தார். குந்தி எழுந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கேனோடு ஒரு மாடி இறங்கி ஏறிப் பார்த்தார். வலி போகவில்லை, மூலையில் பாய் சுருட்டிவைத்தது போல இருந்தது, ஆனால் எழுந்து கடிக்கவில்லை.

அன்றைக்கே ரீகன் வந்து கீழேயிருந்து கத்தினான். "பெரிப்பா, பூசாரி கிட்ட பேசிட்டேன். சாயங்காலம் அந்தக் காலை அவுத்து அவன் பேர்ல போட்டுடலாம். இனிமே எவன் கேக்கப்போறான்?"

வெயில் தாழ்ந்தது. துலுக்காணம் கஸ்தூரிக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவள் இடது கை அவர் கழுத்தைச் சுற்றியது. முன்னைவிடக் கனம் குறைந்திருந்தாள். எழுந்தார். படி, படி, படி. நாலாம் மாடிப் பெண்கள் கதவைத் திறந்து பார்த்தார்கள். மூன்றாம் மாடியில் ஒருத்தி விசிலடித்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர் சட்டென்று நின்றுவிட்டார்.

"இன்னாய்யா? வலிக்குதா? எறக்கிடு, எறக்கிடு."

"இல்லமே. சில்லுனு கீது."

"எது?"

"முட்டி. சில்லுனு வருது, போவுது. மறுபடி வருது." அவர் காலை அசைக்காமல் நின்றார், தண்ணீர் கலங்கிவிடும் என்பது போல. "கடல்ல நிக்கிறான் போல. முட்டி மட்டும் தண்ணியில."

கஸ்தூரி அவர் காதுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் மூச்சுவிட்டாள்.

"தனியாவா நிக்கிறான்?"

"முட்டிக்கு எப்பிடிமே தெரியும் அது?"

கீழே ரீகன் வண்டியை ஸ்டார்ட் செய்துவைத்து, அர்ச்சனைத் தட்டைப் பெட்ரோல் டேங்க்கின் மேல் பிடித்துக்கொண்டு நின்றான். துலுக்காணம் கஸ்தூரியை நாற்காலியில் உட்காரவைத்தார், விழுந்த கையை எடுத்து மடியில் வைத்தார், சேலையைக் காலுக்கு இழுத்துவிட்டார். பூக்காரி கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பூக்காரிக்கான திட்டு கஸ்தூரியின் வாயில் அதற்குள் தயாராகிவிட்டது.

"ஏறு பெரிப்பா. பூசாரி நடை சாத்திடப்போறாரு."

"வண்டிய நிறுத்து."

"ஏன்?"

"அவன் தண்ணில நிக்கிறான்டா. இப்ப போயி வலியக் குடுத்தா உழுந்துடுவான்."

ரீகன் தட்டைப் பார்த்தான், அவர் முட்டியைப் பார்த்தான். "அப்ப எப்பதான் போறது?"

"கரைக்கு வரட்டும்."

"எப்ப வருவான்?"

"வர்றப்ப வருவான். வூட்டுக்குப் போனா லிஸ்ட்டுல ஏன் வரலன்னு எல்லாரும் அதையே கேப்பாங்க அவன, கொஞ்ச நேரம் நிக்கட்டும். நீ போயி உன் பெரிம்மாவுக்கு ஒரு டீ வாங்கியா. சக்கரை கம்மியா."